செள்ளும் ஒரு ஜீவன்தான்

ஜீவகாருண்யத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோழிப்பேனைப் பற்றிப் பேசுவதில்லை. பசுவைப் பற்றிப் பேசுவார்கள். புறாவைப் பற்றிப் பேசுவார்கள். கசாப்புக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போகிற ஆட்டின் கண்ணைப் பற்றி மனம் உருகப் பேசுவார்கள். பேனும் செள்ளும் குடற்புழுவும் அந்தப் பேச்சில் தலைகாட்டுவதே இல்லை. அருவருப்பு ஒரு காரணம்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அவை வந்துவிட்டால் பேச்சு சுலபத்தில் முடியாது என்பது. ஒரு கோழியைப் பிழைக்க வைக்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான சின்ன உயிர்களைக் கொல்ல வேண்டியிருக்கிறது. எல்லா உயிரும் ஒன்றே என்று சொல்லிக்கொண்டிருக்கிறவன் அந்த இடத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வான்?

இது சும்மா தர்க்கத்துக்காகக் கேட்கிற கேள்வி அல்ல. மயிலாடியில், சென்ற ஐப்பசி மழையில், எங்கள் அடுத்த வீட்டு ஆச்சியின் பெட்டைக்கோழி ஒன்று சீக்கில் விழுந்தபோது, இந்தக் கேள்வி வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டது.

மயிலாடியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுசீந்திரத்துக்கும் அஞ்சுகிராமத்துக்கும் இடையில் இருக்கிற ஊர். கல்லில் சாமி செய்கிற ஊர். தெருவில் நடந்து போனால் உளிச் சத்தம் கூடவே வரும். பாதி முகத்தோடு அம்மனும், தும்பிக்கை பிரியாத பிள்ளையாரும் சாலையோரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். பட்டறைகளைச் சுற்றிக் கல்தூசு மாவு போலப் படிந்து கிடக்கும். அந்தத் தூசியில் ஊர்க் கோழிகள் குழி பறித்துக்கொண்டு, சிறகை விரித்துப் புரண்டு புரண்டு குளிக்கும். கோழிக்குத் தண்ணீரில் குளியல் கிடையாது. தூசிதான் குளியல். இறகிடுக்கில் இருக்கிற பேனை உதிர்க்க அது கண்டுபிடித்த வழி அது.

ஆச்சியின் கோழி அந்தக் குளியலை நிறுத்தி நாலைந்து நாள் ஆகியிருந்தது. இறகைச் சிலுப்பிக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கூட்டுக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் தூங்கி விழுந்துகொண்டிருந்தது. கொண்டையில் சிவப்பு போய்ச் சோறு வடித்த கஞ்சி நிறம் வந்துவிட்டது.

"வெள்ளைக் கழிச்சலாக்கும் மக்கா. இருட்டதுக்குள்ள அறுத்துப் போடணும். செத்துப் போனா வாயில வைக்க ஆகுமா?" என்றாள் ஆச்சி.

ஆச்சி கல்நெஞ்சக்காரி அல்ல. நம் பக்கத்துக் கிராமங்களில் கோழிக்கு உள்ள வைத்திய சாஸ்திரமே இவ்வளவுதான். கோழி தூங்கினால் வெள்ளைக் கழிச்சல். வெள்ளைக் கழிச்சல் என்றால் கத்தி. நோயின் பெயர் சொல்லி முடிவதற்குள் குழம்புக்கு மசாலா அரைத்தாகிவிடும்.

வெள்ளைக் கழிச்சல் என்ற நோய் பொய் அல்ல. 1926-இல் ஜாவாவிலும், இங்கிலாந்தில் நியூகாஸில் பக்கத்திலும் அதை முதலில் அடையாளம் கண்டார்கள். சீக்கிரத்திலேயே நம் நாட்டில் குமாவுன் மலையிலுள்ள ராணிகேத்தில் அது தெரியவந்து, அந்த அழகான மலையூரின் பெயர் கொள்ளை நோய்க்கு ஒட்டிக்கொண்டது. வந்தால் ஊர்க் கோழிகளைக் கூண்டோடு வாரிக்கொண்டு போகும். அதற்கு மருந்து கிடையாது. முன்கூட்டிப் போடும் தடுப்பூசிதான் உண்டு. ஆனால் அது வந்தால் ஒரு கோழியோடு நிற்பது அபூர்வம். ஆச்சியின் மற்ற மூன்று கோழிகளும் சேவலும் சாணிக்குழியைக் கிளறிக்கொண்டிருந்தன. எல்லாத் தூக்கத்துக்கும் ஒரே பெயர் வைப்பதில் உள்ள சங்கடம் இதுதான். பெயர் வைத்துவிட்டால் பார்க்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

கோழி சம்பந்தமாக உலகத்துக்குக் கிடைத்த ஒரு பெரிய பாடம் இங்கே நினைவுக்கு வருகிறது. 1890-களில் ஜாவாவில், பட்டேவியா நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியில், ஐக்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் ஒரு சமயம் கால் விளங்காமல் தள்ளாட ஆரம்பித்தன. பிறகு தாமாகவே தேறிவிட்டன. கிருமி எதுவும் அகப்படவில்லை. விசாரித்துப் பார்த்தால், இடையில் சில மாதங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். சமையற்காரன் மாறினான். வந்தவன், ராணுவச் சோற்றைச் சிவில் கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டான். பழையபடி தவிடு போகாத அரிசியைத் தின்ற கோழிகள் எழுந்து நடந்தன. தீட்டிய அரிசியில் போய்விடுகிற சத்தைத்தான் பிற்பாடு வைட்டமின் பி1 என்றார்கள். 1929-இல் ஐக்மனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பெரிபெரியால் செத்துக்கொண்டிருந்த மனிதர்கள் எத்தனையோ பேருக்கு உயிர் வந்தது, நொண்டிய கோழியை அறுத்துப் போடாமல் ஒருவர் உட்கார்ந்து பார்த்ததால். அந்தச் சமையற்காரனுக்கும் ஏதாவது கொடுத்திருக்கலாம்.

ஆச்சியிடம் ஒரு ராத்திரி அவகாசம் கேட்டேன். "பார்த்துவிட்டு அறுக்கலாம் ஆச்சி, கத்தி எங்கே போகப்போகிறது?" என்றேன். நான் காலேஜில் படித்த விலங்கியல் தவளையோடு நின்றுபோன படிப்பு. ஆனாலும் ஒரு கோழியை மடியில் வைத்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, பொறுமை போதும்.

நெஞ்செலும்பைத் தடவினால் கத்தி முனை மாதிரி கைக்குத் தட்டுப்பட்டது. இரு பக்கமும் சதை இல்லை. சிறகுக்கு அடியில் இறகை ஊதி விலக்கினால் வைக்கோல் நிறத்தில் பேன்கள் ஓடின. ஆசனவாயைச் சுற்றி இறகின் அடித்தண்டில் ஈர், உப்புப் பரல் அப்பினாற்போல. கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரவென்று இருந்தது. அதற்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் செள் குடியிருக்கும். செதிலுக்கு இடையில் தெரிந்த மஞ்சளைப் பார்த்தேன். நம் நாட்டுக்கோழிக் காலின் அந்த மஞ்சள், மேற்கு மலைக் காட்டில் திரிகிற சாம்பல் நிறக் காட்டுக்கோழி எப்போதோ கலந்ததால் வந்த சீதனம் என்று 2008-இல் கண்டு சொன்னார்கள். இவ்வளவு பழைய பரம்பரை, ஆச்சியின் மடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

ஆனால் கொண்டை வெளுக்கிற அளவுக்கு இந்தப் பேன்கள் காரணமாக இருக்க முடியாது. பேன் பெரும்பாலும் இறகையும் செதிலையும் தின்கிற ஜாதி. ரத்தம் போகிற வழி வேறு எங்கேயோ இருந்தது. அதைப் பகலில் பார்க்க முடியாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சு விளக்கோடு கூட்டைத் திறந்தோம். பட்டறையில் உடைந்துபோன கல்பலகைகளை அடுக்கி, மேலே பழைய மரப்பலகை போட்டு ஓடு வேய்ந்த கூடு அது. பலகை இடுக்கிலிருந்து கடுகைவிடச் சிறிய பொடிகள் சாரை சாரையாக இறங்கி, கோழிகளின் காலில் ஏறிக்கொண்டிருந்தன. விரலால் நசுக்கினேன், சிவப்பாகக் கறை பட்டது. இதுதான் கோழிச்செள். பகலெல்லாம் இடுக்கில் ஒளிந்திருக்கும். ராத்திரியில் வந்து ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். கோழி இல்லாவிட்டால் பல மாதங்கள் பட்டினி கிடந்து காத்திருக்கும். பகலில் கோழியை எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் குற்றவாளி அகப்படமாட்டான். ஆச்சி அந்தக் கூட்டில் முப்பது வருஷமாகக் கோழி அடைக்கிறாள். அன்றைக்குத்தான் அதற்குள் நடக்கிற ராத்திரி உலகத்தைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் ஒரு இலையில் கோழியின் எச்சத்தைப் பொதிந்துகொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அதைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். நீள்வட்டமாக, தடித்த ஓட்டோடு, புழு முட்டைகள். வெளியே ஒரு சேனை, உள்ளே ஒரு சேனை. ரத்தம் போகிறது, தின்கிற தீனியும் போகிறது. கோழி தூங்காமல் என்ன செய்யும்?

வைத்தியத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை. கோழிகளை இரண்டு நாள் பஞ்சாரத்தில் போட்டு வைத்தோம். கூட்டைப் பிரித்துப் பலகைகளை வெளியே எடுத்து, கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, வைக்கோலைக் கொளுத்தி இடுக்கெல்லாம் தீ காட்டி, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கோழியின் காலில் வேப்பெண்ணெய் தடவினோம். மேலுக்குப் போட ஒரு மருந்தும், உள்ளுக்குக் கொடுக்க ஒரு மருந்தும் டாக்டர் தந்தார். நாலு கோழிக்கும் சேவலுக்கும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். மண் ஒன்று, ஒன்றுக்கு இருந்தால் எல்லாவற்றுக்கும் இருக்கும்.

மருந்து கொடுத்த அடுத்த நாள் காலையில் எச்சத்தோடு புழுக்கள் வந்து விழுந்தன. விரல் நீளம், வெந்த சேமியா மாதிரி வெள்ளையாக. சில இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. ஆச்சி குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவும் உசிருதானே மக்கா? இதுகளக் கொல்லதுக்குல்லா நாம காசு குடுத்திருக்கோம்" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் சொல்ல ஒரு முயற்சி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இந்த நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிது அல்ல. மயிலாடியிலிருந்து நாகர்கோவில் பக்கம்தான். அங்கே நாகராஜா கோயில் தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். மேற்கே போனால் சிதறால் மலையில் தீர்த்தங்கரர்கள் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். பூச்சி மிதிபட்டுவிடுமோ என்று தரையைப் பார்த்து நடந்தவர்கள் வாழ்ந்த பூமி இது. அவர்கள் மரபில் பிறந்த யசோதர காவியம் தமிழில் ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று. அதன் கதையே ஒரு கோழியில்தான் தொடங்குகிறது. தாயின் வற்புறுத்தலுக்காக, உயிருள்ள கோழியை அல்ல, மாவில் செய்த கோழியை ராஜா பலி கொடுக்கிறான். அந்தப் பாவம் தாயையும் மகனையும் பல பிறவிகளுக்குத் துரத்துகிறது. ஒரு பிறவியில் அவர்களே கோழிகளாகப் பிறந்து அம்பில் சாகிறார்கள். மாவுக்கோழிக்கே இந்தத் தண்டனை என்றால், கூட்டில் வெந்நீர் ஊற்றிய எனக்கு எத்தனை பிறவி என்று கணக்குப் பார்க்க வேண்டும். மனத்தில் கொல்லும் எண்ணம் வந்ததுதான் பாவம் என்கிறது அந்தக் காவியம். ஆழமான எண்ணம்தான். ஆனால் செள் ஏறிய கோழியை என்ன செய்வது என்று கேட்டால் அந்த வழியில் விடை கிடைப்பது கஷ்டம். சும்மா இருந்தால் கோழி சாகும். அதைச் சாகவிட்டதும் ஒரு செயல்தானே?

டார்வினும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார். 1860-இல் அமெரிக்க நண்பர் ஆஸா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருக்கும் கம்பளிப்புழுவின் உடம்புக்குள்ளேயே இருந்து அதைத் தின்னும் குளவிகளைக் கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்று சொல்கிறார். கடவுளுக்கு வந்த சங்கடத்தை அவர் பேசினார். நான் பேசுவது கூட்டின் கதவைத் திறந்து மூடுகிற மனுஷனுக்கு வந்த சங்கடம். இது கொஞ்சம் சின்னது. ஆகவே தப்பித்துக்கொள்ள முடியாதது.

நோவை வைத்து அளந்துவிடலாம் என்பது ஒரு கட்சி. 1789-இல் பெந்தம் என்ற ஆங்கிலேயர், மிருகங்களுக்குப் புத்தி உண்டா, பேச்சு உண்டா என்று கேட்பதை விட்டு, அவற்றுக்குத் துன்பம் உண்டா என்று கேளுங்கள் என்றார். நல்ல கேள்வி. கோழிக்கு மூளை உண்டு, பயம் உண்டு, குஞ்சைச் சிறகுக்குள் அணைக்கிற பாசம் உண்டு. உருளைப்புழுவுக்கு இருப்பது ஒரு நரம்பு வளையம். ஆகவே கோழி மேல், புழு கீழ், புழுவைக் கொல்லலாம். டாக்டருக்கு இது போதும். எனக்குப் போதவில்லை. இந்த ஏணியில் ஏறிக்கொண்டே போனால் அடுத்த படியில் நான் நிற்கிறேன். கோழியைவிட நான் மேல். ஆகவே கோழி கீழ். கத்தி திரும்பவும் ஆச்சியின் கைக்கு வந்துவிடுகிறது. தின்பவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, நானும் தின்கிறவன்தான். கோழிக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த ஏணி காரணம் காட்டாது என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. அது கணக்கு வழக்கு சம்பந்தப்பட்டது.

கோழியை நாம் காட்டில் பிடித்து வந்து கட்டிப்போடவில்லை. 2022-இல் வெளியான ஒரு ஆராய்ச்சியின்படி, சுமார் 3,500 வருஷங்களுக்கு முன்னால், தாய்லாந்துப் பக்கத்தில் நெல்லும் தினையும் விதைக்க ஆரம்பித்தபோது, தானியத்துக்கு ஆசைப்பட்டுக் காட்டுக்கோழி மரத்திலிருந்து இறங்கி மனுஷன் பக்கத்தில் வந்திருக்கிறது. வந்ததை நாம் வைத்துக்கொண்டோம். காட்டுக்கோழிக்கும் புழு உண்டு, பேன் உண்டு. ஆனால் அது ஓரிடத்தில் மேய்வதில்லை. ராத்திரி மரக்கிளையில் ஏறி உறங்குகிறது. எச்சம் ஓரிடத்திலும் மேய்ச்சல் ஓரிடத்திலுமாக, புழு திரும்ப வயிற்றுக்குள் போகிற வழி நீண்டுபோகிறது. நாமோ பத்து சென்ட் வளவுக்குள் அதை விட்டோம். அதே மண்ணில் எச்சமிட்டு அதே மண்ணைக் கிளறித் தின்கிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஜில்லாவில் மண் ஈரம் காய்வதும் இல்லை. புழு முட்டைக்கு அதைவிட என்ன வேண்டும்? செள் ஒளிந்துகொள்ள இடுக்கோடு கூடு கட்டிக் கொடுத்தவர்களும் நாமே. புழுவைப் படைத்தது யாரோ, தெரியாது. ஒரு கோழிக்கு இத்தனை புழு என்று அளந்து போட்டது நாம்.

அப்படியென்றால் கோழிக்கு மருந்து கொடுப்பதைக் கருணை என்று சொல்லிப் பெருமைப்பட இடமில்லை. அது கடன். முட்டையை எடுக்கிறோம், குஞ்சை விற்கிறோம், கடைசியில் கறியும் தின்கிறோம். யோசித்துப் பார்த்தால் அதன் உடம்பின்மேல் பிழைக்கிற ஜீவன்களின் பட்டியலில் பேன், செள், புழு இவற்றோடு நாலாவதாக ஆச்சியும் நானும் வருகிறோம். செள்ளிடம் யாரும் கடனைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆச்சியிடம் கேட்கலாம்.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் இருந்தபோது மிருகவதைக்கு எதிராக ஒரு மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பலனாக 1960-இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம், அடிக்காதே, வதைக்காதே என்பதோடு நிற்கவில்லை. ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறவன் அதன் நலத்துக்கு வேண்டிய நியாயமான காரியங்களைச் செய்வது அவன் கடமை என்று மூன்றாவது பிரிவிலேயே எழுதி வைத்தது. கோயிலில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று 1950-இல் இங்கே ஒரு சட்டம் வந்து, 2003-இல் அதைக் கடுமையாக நடத்தப் போய் எதிர்ப்புக் கிளம்பி, 2004-இல் ரத்தாயிற்று. அந்தக் கூச்சல் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சாகிற ஒரு நிமிஷத்தைப் பற்றி அத்தனை சண்டை போட்டோம். அதற்கு முன்னால் அந்தப் பிராணி கூட்டில் கழித்த ஆயிரம் ராத்திரிகளைப் பற்றி யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

கூண்டுப் பண்ணைக்காரர்கள் இதைப் படித்தால், எங்கள் கோழி மண்ணையே மிதிப்பதில்லை, உருளைப்புழுத் தொல்லையே எங்களுக்குக் கிடையாது என்பார்கள். மெய்தான். கம்பி வலைமேல் நிற்கிற கோழி புழு முட்டையைக் கொத்த வழியில்லை. தூசியில் புரளவும் வழியில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய கதை அது.

கேள்விப்பட்ட ஒரு நண்பர் சிரித்தார். "கோழியின் விலை என்ன, நீங்கள் ஆஸ்பத்திரிக்கு நடந்த நடைக்கு விலை என்ன? கொடைக்கு வெட்டப்போகிற கோழிக்கு வைத்தியமா?" என்றார். வெட்டப்போகிறோம் என்பதுதான் வைத்தியத்துக்கு முதல் காரணம் என்று எனக்குத் தோன்றியது. உயிரை எடுத்துக்கொள்கிற உரிமை தனக்கு உண்டு என்கிறவன், அது இருக்கும் வரை அதை ராத்திரியில் ஒரு தரமாவது விளக்குப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

இதைப் பட்டறைத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது, உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிற்பி, "எங்க நெஞ்சையும் யாராவது அப்படி லைட்டுப் பிடிச்சுப் பாத்தாக் கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு இருமினார். உளியால் கொத்திய காலத்தைவிட, மிஷின் வைத்து அறுக்கிற இந்தக் காலத்தில் கல்தூசு அதிகம். கோழிக்குப் பேனை உதிர்க்கிற அதே தூசி மனுஷன் நுரையீரலில் படிந்தால் அதைக் கல்லாக இறுக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்ற அந்த வியாதியை ஆற்ற மருந்து கிடையாது. நண்பர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்தப் பட்டறையில் செய்த சாமிக்கு முன்னால் கைகூப்புகிறவர்கள் யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இனி ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். கடன் இருக்கிறது, ஆகவே புழுவைக் கொன்றோம் என்றாலும், கொன்றது கொன்றதுதான். சிபிச் சக்கரவர்த்தி கதையில் புறாவைக் காப்பாற்றியது பெரிய காரியம் என்கிறோம். எனக்கு அந்தக் கதையில் பிடித்த பாத்திரம் பருந்து. என் பசிக்கு என்ன வழி என்று அது கேட்டது நியாயமான கேள்வி. சிபி அதை மறுக்கவில்லை. தொடைச் சதையை அரிந்து தராசில் வைத்தான். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றின் வாயில் மண்ணைப் போடுகிறவன் தன் பங்குக்கு ஏதாவது இழக்க வேண்டும் என்பது அந்தக் கதையின் கணக்கு. நாங்கள் இழந்தது என்ன? ஒரு குடம் வெந்நீர், கொஞ்சம் சுண்ணாம்பு, மருந்துக்கான காசு. தொடைச் சதை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் டாக்டர் இன்னொன்று சொல்லியிருந்தார். மருந்து கொடுத்ததிலிருந்து இரண்டு வாரத்துக்கு அந்தக் கோழிகள் இடுகிற முட்டையைத் தின்னவும் கூடாது, விற்கவும் கூடாது. நாட்டுக்கோழி முட்டைக்கு எங்கள் ஊரில் நல்ல விலை. ஆச்சிக்கு வெற்றிலைச் செலவும் மாத்திரைச் செலவும் அதிலிருந்துதான். சீக்குக்கோழி இடவில்லை என்றாலும் மற்ற மூன்றும் இட்டுக்கொண்டிருந்தன. பதினேழு முட்டைகள். முட்டையை உடைத்துப் பார்த்தாலும் மருந்து கண்ணுக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டு போகிறவன் திரும்பி வந்து கேட்கப் போவதும் இல்லை. ஆச்சி அவற்றைத் தினமும் எண்ணி ஒரு சட்டியில் போட்டு வைத்திருந்தாள். பதினைந்தாவது நாள் தென்னை மூட்டில் குழி தோண்டச் சொல்லி, ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, மண்ணைத் தள்ளி மூடினாள்.

இடையில் கடைப் பையன் இரண்டு தடவை முட்டை கேட்டு வந்தான். "கோழி இப்பம் இடல்ல மக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.